பழனியில் எங்களை யாரும் எந்த நாடுன்னு கேட்கல

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடிஞ்சு கோப்பி கலக்கி வச்சுக்கிட்டு பொறுமையா படிங்க. யாரையும் புண்படுத்த எழுதல. ஆனா எழுதாம இருந்தா நம்ம மனசாட்சி விடாது.

போன ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்ம ஆலயத்தில் மதிய அன்னதானம். 2025 ஜனவரியிலிருந்து ஜொகூரில் மறுபடியும் சனி, ஞாயிறு விடுமுறை ஆயிடுச்சு இல்லையா, அதிலிருந்து ஞாயிறு கூட்டம் ரொம்ப அதிகம். முன்னே வெள்ளிக்கிழமை வந்தவங்களும் இப்போ ஞாயிறுதான் வர்றாங்க. தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்து பாசீர் கூடாங், மாசாய், தெப்ராவ் பக்கம் வேலை செய்யற தம்பிங்களும் நிறைய பேர்.

அன்றைக்கு வரிசை வாசல் வரைக்கும் போயிடுச்சு. சோறு பத்துமா பத்தாதான்னு எங்களுக்கே பதற்றம். அப்போ தொண்டூழியர் ஒருத்தர் சத்தமா சொன்னார், "ஊர்க்காரங்க எல்லாம் அந்தப் பக்கம் நில்லுங்க. முதல்ல நம்மாளுங்க சாப்பிடட்டும்."

வரிசையில் முன்னால் நின்ன ஒரு பையன், இருபத்திரண்டு இருபத்து மூணு வயசு இருக்கும், கையில் தட்டு வாங்கிட்டான். ஒண்ணும் பேசல. தட்டை மேசை மேல திரும்ப வச்சான். கொடிமரத்துப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டான். சப்பாத்தை மாட்டிக்கிட்டு வெளியே போயிட்டான். அவன்கூட வந்த மூணு பேரும் அவன் பின்னாலேயே போயிட்டாங்க.

சொன்னவர் கெட்டவர் இல்லை. ஆலயத்துக்காக ராத்திரி பகலா உழைக்கிறவர். நாங்கள் அங்கேதான் நின்னோம், கையில் சாம்பார் வாளியோட. நாங்களும் வாயைத் திறக்கல. அதனால் இது அவரைப் பற்றிய பதிவு இல்லை. நம்ம எல்லாரையும் பற்றியது.

எங்களுக்கு ஏன் இவ்வளவு சுட்டது என்றால், நாங்களும் ஒரு காலத்தில் 'வெளியூர்க்காரனா' நின்னவங்க. அதுவும் தமிழ்நாட்டிலேயே.

2019 செப்டம்பரில் கொம்பனியில் எங்களில் நாலு பேரை மூணு மாசத்துக்குத் தமிழ்நாட்டுக்கு அனுப்பினாங்க. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் புது மெஷின் ஓட்டிப் பழகணும், அங்கே உள்ளவங்களுக்கும் நம்ம வேலை முறையைச் சொல்லிக் கொடுக்கணும். நாலு பேரும் சூப்பர்வைசர், நாலு பேரும் தமிழர். நமக்கென்ன, நம்ம பாஷைதானே, நம்ம சாப்பாடுதானே, சொந்த வீட்டுக்குப் போற மாதிரி இருக்கும்னு நினைச்சுத்தான் விமானம் ஏறினோம்.

முதல் நாளே வாய் மாட்டிக்கிச்சு. காலையில் லைன் லீடர் தம்பியைப் பார்த்து மரியாதையா, "என்ன தம்பி, பசியாறியாச்சா?"ன்னு கேட்டோம். அவர் எங்க நெற்றியில் இருந்த விபூதியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க பாய் வீடா?" என்றார். அங்கே 'பசியாறுதல்' முஸ்லிம் வீடுகளில் புழங்கற சொல்லாம். மத்தவங்க 'டிபன்' என்கிறாங்க. நம்ம நாட்டில் எல்லாத் தமிழனும் பசியாறுறான். நல்ல தமிழ்ச்சொல்லை நாம விடாம வச்சிருக்கோம்னு அன்றைக்குத்தான் தெரிஞ்சது.

ரெண்டாவது வாரம் போக்குவரத்துக்கு ஒரு மோட்டார் வாடகைக்கு எடுக்கலாம்னு பார்த்தோம். டீக்கடைக்காரரிடம், "மோட்டார் வாடகைக்கு எங்க கிடைக்கும்?" என்றால், "எத்தனை எச்.பி. சார்? கிணறா, போரா?" என்று கேட்கிறார். அங்கே மோட்டார் என்றால் தண்ணி இறைக்கிறது. ஓட்டறதுக்குப் பேர் 'வண்டி', இல்லாட்டி 'பைக்'. 'சடக்கு' என்றால் விழிக்கிறாங்க. 'எத்தனை வெள்ளி' என்று கேட்டால் நகைக்கடைக்கு வழி காட்டுறாங்க.

சாப்பாட்டிலும் அப்படித்தான். மெஸ்ஸில் இலை போட்டால் முதல்ல சாம்பார், அடுத்து ரசம், கடைசியா மோர். அந்த வரிசையை யாரும் மாத்தறதில்லை. நாங்கள் நாலு பேரும் ஜொகூர் பழக்கத்தில் எல்லாக் குழம்பையும் ஒரே நேரத்தில் பஞ்சீரா ஊத்தச் சொன்னோம். பரிமாறுற அக்கா கரண்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, "ஏன்ப்பா, ஒண்ணொண்ணா சாப்பிட்டா என்ன, ரயிலா போயிடப் போகுது?" என்றாங்க. டீ வந்தால் ரெண்டு மடக்கு. நம்ம தே தாரிக் கோப்பையில் மூணு டீயை ஊத்தலாம். ஆனா அந்த ரெண்டு மடக்கைப் பத்து நிமிஷம் நின்னு பேசிக் குடிப்பாங்க. அந்தப் பத்து நிமிஷத்தில் கூட்டம் போட்டுத் தீராத லைன் பிரச்சினையெல்லாம் தீர்ந்துடும்.

'இதோ பண்ணிடறேன் சார்' என்றால் எப்போ பண்ணுவாங்கன்னு கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மாசம் ஆச்சு. 'கண்டிப்பா சார்' என்றால் பார்க்கலாம்னு அர்த்தம். 'பார்க்கலாம் சார்' என்றால் கஷ்டம்னு அர்த்தம். முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொன்னா மரியாதைக் குறைவு. முதல்ல எங்களுக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசிச்சுப் பார்த்தோம். நம்ம 'கெஜாப் லா' மட்டும் என்ன வாழுதாம்? கெஜாப் என்று சொல்லிட்டு மத்தியானம் வர்ற ஆளுங்க நம்மகிட்டயும் இருக்காங்களே.

பெரிய ஆச்சரியம் ஆயுத பூஜை. அந்த வருஷம் அக்டோபர் 7. முதல் நாளே வேலையை நிறுத்தி, ஷாப் ஃப்ளோர் முழுக்கக் கழுவி விட்டாங்க. ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. ஃபோர்க்லிஃப்ட் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். வாசலில் வாழைமரம். ஸ்பேனரில் இருந்து கணக்குப் புத்தகம் வரைக்கும் பொட்டு. கேட்டுக்கு வெளியே பூசணிக்காய் உடைச்சாங்க. இந்து, கிறிஸ்துவர், முஸ்லிம் எல்லார் கையிலும் பொரி கடலைப் பொட்டலம். எங்களுக்குக் கண் கலங்கிப் போச்சு. இங்கே முப்பது வருஷமா மெஷினோட வாழ்றோம். நம்ம சாமி கும்பிடறது லாக்கர் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிற முருகன் படத்தோட சரி.

இதெல்லாம் சிரிச்சுக்கிட்டுச் சொல்ற ஆச்சரியம். சிரிக்க முடியாத ஆச்சரியமும் ரெண்டு உண்டு.

ஒண்ணு, அந்தக் கேள்வி. பழகி அஞ்சு நிமிஷத்தில், "சொந்த ஊர் எது?" ஜொகூர் என்போம். "அது சரி, பூர்வீகம்?" ஒருத்தர் முசிறி பக்கம் என்றார். ஒருத்தர் ஆத்தூர் என்றார். ரெண்டு பேருக்குத் தெரியாது. தாத்தாவோட அந்த விவரம் போயிடுச்சு. அடுத்து மெதுவா ஒரு கேள்வி வரும், "நீங்க என்ன ஆளுங்க?" எல்லாரும் கேட்கல. ஆனா கேட்டவங்க சாதாரணமா, மணி என்னன்னு கேட்கிற மாதிரி கேட்டாங்க. எங்களுக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. வேலை இடத்தில் அப்படி ஒரு கேள்வியை நாங்கள் எதிர்பார்க்கல. உடனே 'நம்ம நாட்டில் இதெல்லாம் கிடையாது'ன்னு பெருமையா சொன்னோம். அன்றைக்கு ராத்திரி அறையில் படுத்துக்கிட்டுப் பேசும்போதுதான் எங்களில் மூத்தவர் சொன்னார், "கல்யாணப் பேச்சு வந்தா நம்ம வீட்டிலயும் இதே கேள்விதானய்யா வருது. அவங்க சத்தமா கேட்கிறாங்க, நாம குசுகுசுன்னு கேட்கிறோம்." பதில் சொல்ல முடியல.

ரெண்டாவது, அங்கே லைனில் பாதிப் பேர் பீகார், ஒடிசா, அஸ்ஸாமில் இருந்து வந்த கான்ட்ராக்ட் பையன்கள். ரெண்டு நாள் மூணு நாள் ரயிலில் வந்து, ஒரு அறையில் பத்துப் பேர் தங்கி, குடும்பத்துக்குப் பணம் அனுப்புறவங்க. ஆயுத பூஜை அன்றைக்குப் பொட்டலம் கொடுக்கும்போது, எங்களைத் தாங்கு தாங்குன்னு தாங்கின ஒரு நல்ல மனுஷன், "வடக்கனுங்க கடைசியா வாங்கிக்கட்டும்" என்றார். அந்தப் பையன்களும் பழகிப்போன மாதிரி சுவரோரமா ஒதுங்கி நின்னாங்க. எங்களுக்கு உடனே பாசீர் கூடாங் ஞாபகம் வந்துடுச்சு. 'வடக்கன்' என்ற சொல்லுக்குப் பதிலா 'ஊர்க்காரன்' என்று போட்டால் அச்சு அசல் நம்ம இடம்தான். அங்கே தமிழன் சொல்றான். இங்கே அதே தமிழன் அந்தச் சொல்லைக் கேட்டுக்கிட்டு நிக்கிறான்.

ஊர் திரும்பறதுக்கு முன்னே மூணு நாள் விடுப்பு எடுத்துப் பழனிக்குப் போனோம். பத்துமலையில் 272 படிக்கே மூச்சு வாங்குற ஆளுங்க, முருகான்னு ஏறிட்டோம். தரிசனம் முடிஞ்சு மலை மேலேயே அன்னதானம். தமிழ்நாட்டுக் கோயில்களில் அன்னதானத் திட்டம் 2002இல் ஆரம்பிச்சது. பழனியில் 2012இலிருந்து நாள் முழுக்க நடக்குது. வரிசையில் நின்னோம். எங்களுக்கு முன்னால் மொட்டை போட்ட ஒரு விவசாயிக் குடும்பம். பின்னால் தமிழே தெரியாத ரெண்டு பேர். உட்கார வச்சாங்க, சாப்பாடு போட்டாங்க. மூணு மாசமா போற இடமெல்லாம் 'எந்த ஊரு, பூர்வீகம் என்ன, என்ன ஆளுங்க' என்று கேட்ட நாட்டில், அந்த ஒரு இடத்தில் யாரும் எதுவும் கேட்கல. "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா?" என்று மட்டும்தான் கேட்டாங்க. எங்க கடப்பிதழ் சிவப்பா நீலமா என்று பார்க்கல. உள்ளூர்க்காரன் சாப்பிட்டு முடிச்சதும் வான்னு சொல்லல.

அங்கேயும் காசு கட்டினால் சாமியைக் கிட்டத்தில் பார்க்க சிறப்பு தரிசன வரிசை இருக்கு. அது எங்களுக்குப் பிடிக்கல. நம்ம ஊர் ஆலயத்தில் சாமி பார்க்கக் காசு கேட்கிறதில்லை, அதில் நமக்குப் பெருமை உண்டு. தைப்பூசத்துக்கு ஜொகூரில் பொது விடுமுறை விட ஆரம்பிச்சுப் பல வருஷம் ஆச்சு. தமிழ்நாட்டில் அதைப் பொது விடுமுறை ஆக்கினது 2021இல்தான். இப்படிப் பெருமைப்பட நமக்கு நிறைய இருக்கு. ஆனா சோறு போடற வரிசையில் மட்டும் பழனி நம்மைவிட மேலே நிக்குது. அதைத்தான் சொல்ல வர்றோம்.

இந்தப் பேச்சை எடுத்தாலே நம்ம ஆளுங்க மூணு விஷயம் சொல்வாங்க. மூணையும் நேரா பேசிடுவோம்.

முதலாவது, "அவங்க சாப்பிட மட்டும்தான் வர்றாங்க." ஆமாம், சில பேர் அப்படித்தான். நம்ம ஆளுங்களிலும் தீபாராதனை முடிஞ்சு சரியா பந்தி நேரத்துக்கு வர்றவங்க உண்டு, பெயர் சொல்ல வேண்டாம். பசிக்கிறவன் சாப்பிட வரத்தானே அன்னதானம் போடுறோம்? மாசம் முழுக்க ஹாஸ்டலில் பருப்பும் முட்டையும் கலக்கிச் சாப்பிடற பையனுக்கு, இலை போட்டு ஒரு அக்கா 'இன்னும் கொஞ்சம் வச்சுக்கோ தம்பி' என்றால், அது சோறு மட்டும் இல்லைங்க.

ரெண்டாவது, "அவங்க வந்துதான் நம்ம பிள்ளைங்களுக்கு வேலை இல்லாமப் போச்சு." இதில் உள்ள வலி எங்களுக்குத் தெரியும். நாங்களே தொழிற்சாலையில் ஆள் எடுக்கிற இடத்தில் உட்கார்ந்தவங்க. ஆனா சம்பளத்தைக் குறைச்சது யாரு? அந்தப் பையனா? கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிட்டு வந்தவன் கொடுத்ததை வாங்கிக்கிறான். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி. அது அந்நியத் தொழிலாளருக்கும் சேர்த்துத்தான். அவனுக்குச் சட்டப்படி முழுச் சம்பளமும் ஓவர்டைமும் கிடைச்சால், மலிவுன்னு சொல்லி அவனை எடுத்து நம்ம பையனைத் தள்ற பேச்சு குறையும். அவன் உரிமைக்கு நாம பேசினால் அது நம்ம பிள்ளைக்கும் பேசற பேச்சு.

மூணாவது, "குடிச்சிட்டு வர்றாங்க, ஒழுங்கு இல்லை." குடிச்சிட்டு வந்தா யாரா இருந்தாலும் உள்ளே விடாதீங்க. தாமானில் இருந்து வந்தாலும் சரி, தஞ்சாவூரில் இருந்து வந்தாலும் சரி. விதி ஒண்ணா இருக்கணும். ஐசி பார்த்து மாறினால் அது விதி இல்லை, வெறுப்பு.

நம்ம கதையையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. கங்காணி கூட்டிட்டு வந்து, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏத்தி, பினாங்கில் இறக்கி, அங்கேயிருந்து கூலாய், குளுவாங், சிகாமட் என்று பால்மரத் தோட்டங்களுக்குப் பிரிச்சு அனுப்பினாங்க. 1938இல் இந்திய அரசாங்கம் தடை போடற வரைக்கும் அந்த உதவிப் பயணம் நடந்தது. லயத்து வீட்டில் ரெண்டு குடும்பத்துக்கு ஒரு அடுப்பு. விடிய முன்னே பெரட்டு. அப்போ நம்ம தாத்தா பாட்டிதான் 'ஊர்க்காரங்க'. தோட்டத்தில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் தடவி, மாரியம்மா என்று கும்பிட்டவங்க. அந்தக் கல்தான் இன்றைக்குக் கோபுரமும் டைல்ஸும் ஏசியும் போட்ட ஆலயமா நிக்குது. பெர்மிட்டும் இல்லாம, திரும்பிப் போக வழியும் இல்லாம இருந்தவங்க கட்டின கோயில் வாசலில், இன்றைக்குப் பெர்மிட்டில் வந்தவனை நாம ஒதுங்கி நில் என்கிறோம்.

பழைய கதை வேண்டாம் என்றால் இன்றைய கதையைப் பாருங்க. விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து மோட்டாரில் கடற்பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறது யாரு? நம்ம பிள்ளைங்க. அங்கே அவங்க கையில் இருக்கிறதும் பெர்மிட்தான். வேலை முடிஞ்சு களைப்பா தேக்கா பக்கம் ஒரு கோயிலில் நுழையும்போது, 'ஜொகூர்க்காரங்க எல்லாம் அந்தப் பக்கம்' என்று ஒருத்தர் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? அந்தப் பையனோட அம்மாவுக்கும் அப்படித்தானே இருக்கும்.

சும்மா வருத்தப்பட்டுட்டுப் போறதில் பிரயோஜனம் இல்லை. நம்ம ஆலய நிர்வாகத்துக்கும், மத்த ஆலயத் தொண்டூழியர்களுக்கும் எங்களுக்குத் தோன்றினதைச் சொல்றோம்.

வரிசை ஒண்ணே ஒண்ணுதான். வயசானவங்க, கைக்குழந்தைக்காரங்க, உடம்பு முடியாதவங்க முன்னே. மத்தவங்க வந்த வரிசைப்படி.

'ஊர்க்காரன்' என்ற சொல் நம்ம வாயில் இனி வேண்டாம். பேர் கேளுங்க. பேர் தெரியலைன்னா தம்பி என்று கூப்பிடுங்க.

சோறு பத்தாதுன்னு பயம் இருந்தால் அரிசி கூட்டிப் போடுவோம். அந்தத் தம்பிங்களையே பரிமாறவும் கூப்பிடுவோம். சொன்னால் ஓடி வருவாங்க. நம்ம தொண்டூழியர்களுக்கு வயசாகிட்டு வருது, இளவட்டம் வர்றதில்லைன்னு புலம்புறோமே, வாசலில் நிக்கிறவங்களைப் பார்க்கலையா?

நாலாவது முக்கியம். அறிவிப்புப் பலகையில் எளிய தமிழில் நாலு விவரம் எழுதி வைப்போம். கடப்பிதழைச் சட்டப்படி அவனவன்தான் வச்சிருக்கணும். 1966 கடப்பிதழ்ச் சட்டப்படி அடுத்தவன் பிடிச்சு வைக்கிறது குற்றம். 2019 ஜனவரியிலிருந்து வேலையில் அடிபட்டால் அந்நியத் தொழிலாளருக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. தங்கும் இடத்துக்கு அளவும் வசதியும் சட்டத்தில் இருக்கு. அந்த 446ஆம் சட்டம் முதல்ல தோட்டம், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புக்காக 1990இல் வந்தது, 2020 ஜூனிலிருந்து மத்தத் துறைகளுக்கும் பொருந்துது. லயத்தில் பிறந்த நமக்கு அந்தச் சட்டத்தோட அருமை தெரியணும். ஆளுக்கு ஒரு பிரச்சினைன்னா எங்கே போய்ப் புகார் கொடுக்கணும்னு சொல்லத் தெரிஞ்ச ஒரு தொண்டூழியர் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். அது நாங்கள் செய்யறோம். தொழிற்சாலையில் இத்தனை வருஷம் படிவம் நிரப்பின அனுபவம் வேறே எதுக்கு?

கடைசியா ஒண்ணு. அன்றைக்குத் தட்டைத் திரும்ப வச்சுட்டுப் போன தம்பியை அடுத்த ரெண்டு ஞாயிறும் தேடினோம். வரல. அவனோட வந்த பையன் ஒருத்தனைப் போன வாரம் கடைத்தெருவில் பார்த்தோம். விசாரிச்சோம். "அவன் வேற கோயிலுக்குப் போறான் அண்ணே. பரவாயில்ல அண்ணே, விடுங்க, எங்களுக்குப் பழகிடுச்சு" என்றான். அந்த 'பழகிடுச்சு' என்ற வார்த்தைதான் இந்தப் பதிவை எழுத வச்சது. ஒரகடத்தில் சுவரோரமா நின்ன பையன்கள் முகத்திலும் அதேதான் இருந்தது.

தம்பி, இதை யாராவது உனக்கு அனுப்பினால் படி. தப்பு எங்க மேலதான். சாம்பார் வாளியோட நின்னவங்க நாங்கள்தான். ஒரு ஞாயிறு வா. முதல் இலையில் உட்கார். பசியாறிட்டு, முடிஞ்சால் எங்ககூட நின்னு நாலு பேருக்குப் பரிமாறிட்டுப் போ.

கருத்து சொல்றவங்க தாராளமா சொல்லுங்க, திட்டறவங்களும் திட்டுங்க. ஆனா அடுத்த ஞாயிறு பந்திக்கு ஒரு மணி நேரம் முன்னாலே வந்து காய் நறுக்கிட்டுத் திட்டுங்க. ஆள் பத்தல.

முருகன் துணை.